நமக்கு ஆள் இருக்கிற கெம்பஸ்

கொமினிகேஷன் கடைக்காரங்கன்னா ஃபோட்டோகொப்பி அடிப்பாங்க, லெமினேட் பண்ணுவாங்க, ஃபோனுக்கு ரீலோட் போடுவாங்கன்னுதான் ஊர் நெனைச்சுக்கிட்டு இருக்கு. ஊர்ப் பிள்ளைங்க எந்தக் கெம்பஸுக்குப் போறதுங்கிற பஞ்சாயத்தும் எங்க தலையிலதான் விழுதுன்னு எந்தப் போர்டுலயும் நாங்க எழுதி வைக்கல.

என் பேரு செல்வி. வீடு கண்டியில, மஹய்யாவ. கடை கட்டுகஸ்தோட்டை பஸ் ஹோல்ட்டுக்கு எதிர்ல. நானும் ஃபரீனாவும் சேர்ந்துதான் நடத்துறோம். கம்ப்யூட்டர் என் பக்கம், மெஷினெல்லாம் அவ பக்கம். பதினாலு வருஷமா முதுகுக்கு முதுகு வச்சு உக்காந்திருக்கோம். என் மேசையில என்ன நடக்குதுன்னு அவ திரும்பிப் பாக்கவே தேவையில்ல, காதாலயே கண்டுபிடிச்சிருவா.

உயர்தரப் பரீட்சை ரிசல்ட் வந்து கொஞ்ச நாள்ல கெம்பஸ் ஃபோர்ம் ஒன்லைன்ல தொறக்கும். பாடத்தையும் கெம்பஸையும் சேர்த்து, எது மொதலாவது, எது ரெண்டாவதுன்னு வரிசையாப் போடணும். கம்ப்யூட்டர் மேல இருந்து கீழ வாசிக்கும். மார்க் எட்டுற மொதலாவது எடத்துலயே நின்னிரும். அதுக்குக் கீழ இருக்கிறதத் திரும்பிக்கூடப் பாக்காது. அதனால எல்லாமே வரிசைதான். கடைசித் தேதி வரைக்கும் அத மாத்தலாம். பொறகு பிரிண்ட் எடுத்து, பிள்ளை கையெழுத்துப் போட்டு, ரெஜிஸ்டர் தபால்ல அனுப்பணும்.

நான் ரெண்டு வழக்கம் வச்சிருக்கேன். பழுதான ஃபோட்டோகொப்பித் தாளத் திருப்பி, மூணு கோடு போட்டுப் பிள்ளை கையில குடுப்பேன். பாதுகாப்பு, காலநிலை, கூட்டாளிமார். ஒவ்வொரு கெம்பஸுக்கும் நீயே மார்க் போடு, பொறகு வான்னு சொல்லுவேன். ரெண்டாவது வழக்கம், வரிசைய அடிக்கும்போது சத்தமா வாசிச்சு வாசிச்சுத்தான் அடிப்பேன். பிள்ளை வாயால "சரி" வந்தாத்தான் அடுத்த வரி. அப்பா சொல்ற சரி செல்லாது, அம்மா சொல்ற சரியும் செல்லாது.

இந்த வருஷம் என் வீட்டுலயும் ஒரு ஃபோர்ம். என் ஒரே மக நிரோஷா விவசாயம் படிக்கப் போறா. போன வருஷ வெட்டுப்புள்ளியப் பாத்தா ரெண்டு எடம் அவளுக்கு நல்லா எட்டும். ஒண்ணு பேராதனை, வீட்டுல இருந்து ஒரு பஸ். மத்தது கிளிநொச்சி, தூரத்துல, யாழ்ப்பாணம் போற வழியில. எனக்குப் பேராதனை மொதலாவது, அவளுக்குக் கிளிநொச்சி மொதலாவது. அவ வரிசைதான் ஃபோர்ம்ல ஏறியிருந்திச்சு. பிள்ளை பெத்தவங்களே, வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு அடுத்தவங்க பிள்ளைக்குப் புத்தி சொல்றது எப்பிடி இருக்கும்னு ஒங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல.

ஆள் ஈக்கா?

மொத நாளே மடவளையில ஹார்ட்வெயார் கடை வச்சிருக்கிற ஹாஜியார் வந்தாரு. கூட அவரு வைஃப், மக ரிஃப்கா. எங்க கடையில கதிரை ரெண்டுதான். ஹாஜியாரும் வைஃபும் உக்காந்துட்டாங்க, ஃபோர்முக்குச் சொந்தக்காரி நின்னுக்கிட்டு இருந்தா. இது எல்லாக் குடும்பத்துலயும் நடக்கிறதுதான். நான் ஹாஜியார எழுப்பிவிட்டு ரிஃப்காவ உக்கார வச்சேன். கொஞ்சம் மொறைச்சாரு, ஆனா எந்திரிச்சாரு.

அவளுக்கு எஞ்சினியரிங். பக்கத்துல இருக்கிற பேராதனைக்கு மார்க் எட்டாது. மூணு கோடு போட்ட தாளக் குடுத்தேன். ஹாஜியார் அத வாங்கி மடிச்சுச் சட்டைப் பையில வச்சுட்டாரு. அவருகிட்ட இருந்தது ஒரே கேள்வி. நான் ஒவ்வொரு ஊர்ப் பேரா சொல்லச் சொல்ல, வைஃப் பக்கம் திரும்பி, "அங்க நமக்கு ஆள் ஈக்கா?"ன்னு கேப்பாரு. ஈக்கான்னா இருக்கா, ஆள்னா சொந்தம். சொந்தம் இல்லாட்டி சொந்தத்துக்குச் சொந்தம். காலியில மச்சினி மாப்பிள்ளையோட சாச்சா ஒருத்தர் இருக்காரு, பரவாயில்ல. கொழும்புல ஆள் கூடிப்போச்சு, ஆளுக்கொரு கதை கட்டுவாங்க, வேணாம். ஒலுவில் கெம்பஸுக்குக் கிட்ட அக்கரைப்பற்றுல மாமி வீடே இருக்கு. அதச் சொன்னதும் ஹாஜியார் மொகம் மலர்ந்து போச்சு.

ரிஃப்கா அப்பதான் வாயத் தொறந்தா. "வாப்பா, கிளிநொச்சிலயும் எஞ்சினியரிங் ஈக்கி. நான் அதத்தான் மொதலாவதாப் போடப் பாக்கிறேன். ஒலுவிலுக்குப் போனா நான் கெம்பஸ்ல ஈக்க மாட்டேன், மாமி வீட்டுலதான் ஈப்பேன்."

ஹாஜியார் கோவிக்கல. பாவம், உண்மையாவே யோசிச்சாரு. ஃபோன எடுத்து நம்பரெல்லாம் தள்ளித் தள்ளிப் பாத்தாரு. கிளிநொச்சிப் பக்கம் யாராவது கல்யாணம் கட்டிப் போயிருக்காங்களா, யாராவது சாமான் ஏத்திப் போறாங்களான்னு வைஃபோட சேர்ந்து அலசுனாரு. ஒரு பேரும் அகப்படல. அன்னைக்கு வரிசை போடாமலே எழும்பினாங்க. வாசல்ல செருப்ப மாட்டிக்கிட்டே என்னப் பாத்துக் கேட்டாரு: "தங்கச்சி, நமக்கு ஆள் இல்லாத ஊர்லயெல்லாம் போய் இவங்க என்னத்துக்குக் கெம்பஸ் கட்டினாங்க?"

உடுப்புக் காயுமோ

பேங்க்ல வேலை செய்ற சிவபாதம் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். மாத்தலாகி இங்க வந்து அஞ்சு வருஷம். அந்த அஞ்சு வருஷமும் அவருக்குக் குளிருது. மத்தியானம் பன்னெண்டு மணிக்கு நானும் ஃபரீனாவும் மின்விசிறிக்குக் கீழ கெடப்போம், அவரு ஸ்வெட்டரோட உள்ள வந்து மின்விசிறிய நிப்பாட்டச் சொல்லுவாரு.

மகனக் கூட்டிக்கிட்டு வந்தாரு. பையனுக்குக் கண்டி புடிச்சுப் போச்சு. மழை, மரம், கூட்டாளிமார், பின்னேரத்துல வாவியச் சுத்தி நடக்கிறது, எல்லாம் இங்க. அவன் தாள்ல பேராதனைக்கு மூணு கோட்டுலயும் நல்ல மார்க் போட்டிருந்தான். ஐயா தாள வாங்கி, காலநிலைக் கோட்ட மட்டும் பேனையால வெட்டினாரு. "காலநிலை எண்டா குளிரோ வெயிலோ எண்டு பாக்கிறேல்லை பிள்ளை. ஹொஸ்டல்ல உடுப்புக் காயுமோ எண்டு பாக்கோணும். நான் ஒரு கிழமையா ஈரக் காற்சட்டையோட பேங்குக்குப் போறன்."

இந்த மனுசன் நமக்கு ஒத்தாசைக்கு வருவாருன்னு நெனைச்சு மெதுவா ஒரு வார்த்தை விட்டேன். என் மக கிளிநொச்சி கேக்கிறா ஐயா, அந்தப் பக்கத்து வெயிலு பிள்ளைங்களுக்குத் தாங்காதுதானேன்னு. தாங்காதுன்னு ஒரு சொல்லு சொல்லியிருந்தா அன்னைக்கே வீட்டுக்குப் போய் ஐயா பேரச் சொல்லி நான் ஜெயிச்சிருப்பேன். அவரு மொகம் அப்பிடியே எளகிப்போச்சு. ஸ்வெட்டர் பட்டன ஒண்ணக் கழட்டினாரு. "ஓம் பிள்ளை, நல்ல வெயில். காலமை தோய்ச்சுப் போட்டா மத்தியானம் எடுத்துப் போடலாம். அதுக்கு மேல ஒரு பிள்ளைக்கு என்ன வேணும்?"

நீ பண்ணுனியா?

கலஹா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துல இருந்து புஷ்பம் அக்கா வந்தாங்க. அன்னைக்குக் கொழுந்துக்குப் போகாம லீவு போட்டுட்டு, இருக்கிறதுலயே நல்ல சேலையக் கட்டிக்கிட்டு, மகனோட வந்திருந்தாங்க. அவங்க லயத்து வீடுகள்ல இருந்து கெம்பஸ் போற மொத ஆளு இவன்தான். அந்தத் தாய்க்குக் காலநிலையப் பத்திக் கவலையில்ல, கூட்டாளிமாரப் பத்திக் கவலையில்ல. பாதுகாப்புங்கிற கோட்டுல வெரல வச்சாங்க. "அக்கா, ரேகிங்னு சொல்லி அடிப்பாங்களாம்ல? ராவு முழுக்க முட்டி போட வைப்பாங்களாம்ல?"

இந்தக் கேள்விக்கு என்கிட்ட ஒரு பதில் பாடமா இருக்கு. சட்டம் இருக்கு, முறைப்பாடு செய்ய நம்பர் இருக்கு, முன்ன மாதிரி இல்லன்னு ஒப்பிப்பேன். ஒப்பிச்சேன். அவங்க நம்பல. நானும்தான் முழுசா நம்பல. அந்த நேரம் பாத்து, தூரத்துக் கெம்பஸ் ஒண்ணுல ரெண்டாம் வருஷம் படிக்கிற நம்ம ஏரியாத் தம்பி ஒருத்தன் எசைன்மென்ட் பைண்ட் பண்ண வந்தான். பேரு வேணாம், நல்ல பிள்ளை. தம்பி, நீயே இவங்களுக்குச் சொல்லுன்னு விட்டுட்டேன்.

"தம்பி, ஒன்னைய ரேகிங் பண்ணுனாங்களா?"ன்னு புஷ்பம் அக்கா கேட்டாங்க. "பண்ணுனாங்க அம்மா. ரெண்டு மாசம்தான், பொறகு எல்லாரும் அண்ணன் தம்பி மாதிரித்தான்." ரொம்பத் தைரியமாச் சொன்னான். அந்தம்மா அவன் மூஞ்சியையே பாத்துக்கிட்டு அடுத்தது கேட்டாங்க. "சரி, புதுப் பிள்ளைங்க வந்தப்ப நீ பண்ணுனியா?" தம்பி ஃபரீனாவோட பைண்டிங் மெஷினப் பாத்தான், சுவர்ல இருந்த கலண்டரப் பாத்தான். "பாட்டு மட்டும்தான் பாடச் சொன்னேன் அம்மா"ன்னான். ஒரு பாட்டா ரெண்டு பாட்டான்னு அந்தம்மா கேக்கல. என் பக்கம் திரும்பினாங்க. "அக்கா, இந்தத் தம்பி படிக்காத கெம்பஸாப் பாத்து எங்க புள்ளைக்கு மொதலாவதாப் போட்டுருங்க."

பணிஸ்

கடுகண்ணாவையில இருந்து ஒரு பையன் வந்தான், தனியா. கடுகண்ணாவையில கொமினிகேஷன் இல்லையா, கண்டி டவுன்ல இல்லையா? ரெண்டு பஸ் மாறிக் கட்டுகஸ்தோட்டைக்கு எதுக்குடா வந்தன்னு கேட்டேன். தாள மட்டும் நீட்டினான். மூணு கோடு போட்ட தாள்ல பாதுகாப்பும் காலநிலையும் காலியாக் கெடந்திச்சு. கூட்டாளிமார்ங்கிற கோட்டுக்குக் கீழ மட்டும் ஒரு கேள்விக்குறி.

பொறகு குனிஞ்சு மெதுவாக் கேட்டான். "அக்கா, எங்க ஸ்கூல்ல இருந்து யாருமே போடாத கெம்பஸ் எது?" அடுத்தவங்க ஃபோர்ம்ல இருக்கிறத நான் சொல்ல மாட்டேன்னு சொன்னேன். அழுதிருவான் போல இருந்திச்சு. ஆறாம் வகுப்புல ஒரு நாள் திங்கிறதுக்குப் பையில பணிஸ் வச்சுட்டு அது மேலயே உக்காந்துட்டானாம். அன்னையில இருந்து அவன் பேரு பணிஸ். படிப்பிக்கிற சேர்மாரும் அப்பிடித்தான் கூப்பிடுவாங்களாம். கெம்பஸ்லயாவது அம்மா அப்பா வச்ச பேரோட இருக்கணும்னு ஆசைப்பட்டான். எனக்குச் சிரிப்பும் வந்திச்சு, மனசுக்குக் கஷ்டமாவும் இருந்திச்சு. தெரிஞ்சவங்க இருந்தாத்தான் பாதுகாப்புன்னு ஹாஜியார் சொல்றாரு. தெரிஞ்சவங்க இல்லாட்டித்தான் பாதுகாப்புன்னு இவன் சொல்றான். ரெண்டு பேரும் பொய் சொல்லல.

அவன் யாழ்ப்பாணத்த மொதலாவதாப் போட்டான், எல்லாம் நல்லபடியா முடிஞ்சிச்சு. ஆனா போன கிழமைதான் ஃபரீனா அவனோட வகுப்பு குரூப் ஃபோட்டோவ முப்பத்தெட்டுக் கொப்பி லெமினேட் பண்ணிக் குடுத்திருந்தா. ஒவ்வொரு மூஞ்சிக்குக் கீழயும் பட்டப்பேரு அடிச்சிருந்திச்சு. பையன் எந்திரிச்சுத் திரும்பினதும் அவ வாய் சும்மா இருக்கல. "அட, பணிஸ் தம்பிதானே நீங்க!" பையன் வாசல்லயே நின்னுட்டான். எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தான். "அக்கா, யாழ்ப்பாணத்துல இருக்கிற ஃபோட்டோகொப்பிக் கடைகளுக்கும் அத அனுப்பிட்டீங்களா?"

ஹாஜியார் தனியா வந்தது

கடைசித் தேதிக்கு அஞ்சு நாள் இருக்கும்போது ஹாஜியார் மறுபடி வந்தாரு. இந்தத் தடவ தனியா. வந்து உக்காந்து, தொப்பியக் கழட்டி, மறுபடி போட்டுக்கிட்டாரு. இடையில ஒரு நாள் ரிஃப்கா வந்து, நான் வாசிக்க அவ சரி சொல்ல, கிளிநொச்சிய மொதலாவதாப் போட்டுட்டுப் போயிருந்தா. அது அவருக்குத் தெரிஞ்சு போச்சு. "தங்கச்சி, பாஸ்வர்ட் இங்கதானே ஈக்கி. ஒலுவில மேல ஏத்தி, கிளிநொச்சியக் கீழ எறக்கிவிடுங்க. ஒரு சின்ன மாத்தம்தானே. புள்ளைக்குத் தெரியத் தேவல்ல."

எனக்கு வந்திச்சே கோவம். ஹாஜியார், இது ஒங்க கடையில சீமெந்து மூட்டைய மேல கீழ மாத்தி அடுக்குற வேலை இல்ல, இது ஒரு பிள்ளையோட நாலு வருஷம்னு சொன்னேன். அவ வாயால சரி சொல்லாம ஒரு எழுத்துல கை வைக்க மாட்டேன்னேன். இன்னும் நெறைய சொன்னேன். ரீலோட் போட வந்து நின்னவங்ககூட தலையாட்டினாங்க. அந்த நேரம் என்னப் பத்தி எனக்கே ரொம்பப் பெருமையா இருந்திச்சு.

ஹாஜியார் எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டாரு. கோவிக்கல. எந்திரிச்சுப் போகும்போது எங்க ஃபரீனாவப் பாத்து ஒரு சலாம் சொல்லிட்டு, என்னப் பாத்து ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. "ஒங்கட மகளும் இந்த வருஷம்தானே? அவட ஃபோர்முக்கும் இந்தச் சட்டம்தானா தங்கச்சி?"

வாசிக்காம அடிச்சது

அந்தச் சட்டம் இல்லன்னு ரெண்டு நாள்ல தெரிஞ்சு போச்சு.

பின்னேரம் மூணு மணிக்கு நல்ல மழை. கடையில ஒருத்தருமில்ல. அன்னைக்குக் காலையில நிரோஷா கடைக்கு வந்து, கிளிநொச்சியில ஹொஸ்டல் எப்பிடி, எங்கேயிருந்து பஸ்ஸுன்னு கம்ப்யூட்டர்ல பாத்துட்டு, சிரிச்சுக்கிட்டே கிளாஸுக்குப் போனா. எனக்கு அந்தச் சிரிப்பத் தாங்க முடியல. ஒரு தாள எடுத்து மூணு கோடு போட்டேன். மார்க்கையும் நானே போட்டேன். பேராதனைக்குப் பாதுகாப்பு பத்துக்குப் பத்து, காலநிலை பத்துக்குப் பத்து, கூட்டாளிமாரும் பத்துக்குப் பத்து. கிளிநொச்சிக்கு ரெண்டு, ரெண்டு, ரெண்டு. நான் வாழ்க்கையில ஒரு தடவகூடக் கிளிநொச்சிக்குப் போனதில்ல.

ஒங்ககிட்ட ஒளிக்க என்ன இருக்கு? எனக்குப் பயம் ரேகிங்குமில்ல, வெயிலுமில்ல. எங்க வீட்டுக்காரரு பஸ் ஓட்டுறவரு, வீடு வந்து சேர நேரமாகும். பின்னேரம் ஆறரைக்கு நிரோஷா செருப்பக் கழட்டி எறியிற சத்தம் வரும். அந்தச் சத்தம் வரலைன்னா அந்த ரெண்டு ரூம்ல நான் என்ன பண்ணுவேன்? அதுதான் பயம். அதுக்கு என் தாள்ல கோடு இல்லாததால, பாதுகாப்புன்னு பேரு வச்சுக்கிட்டேன்.

பாஸ்வர்ட நான்தான் போட்டுக் குடுத்தது. உள்ள போனேன். கிளிநொச்சிய ரெண்டாவதாக்கினேன், பேராதனைய மொதலாவதாக்கினேன். சேமின்னு இருந்த எடத்துல அமத்தினேன். ஒரு நிமிஷம்கூட எடுக்கல. எனக்குப் பின்னால மெஷின் சத்தம் நின்னிச்சு. ஃபரீனா திரும்பல, திரும்பாமத்தான் கேட்டா. "செல்வி, யார்ட ஃபோர்ம் அது, நீ வாசிக்காம அடிக்கிறாய்?"

கையெழுத்து

கடைசித் தேதிக்கு மொத நாள் நிரோஷா கையெழுத்துப் போட வந்தா. தபால் கந்தோர் நாலு மணிக்குப் பூட்டும்னு அவசரம். பிரிண்ட் எடுத்து ரெடியா வச்சிருந்தேன். வரிசை இருக்கிற பக்கம் அடியில, கையெழுத்துப் போடுற பக்கம் மேல. அப்பிடித்தான் அடுக்கி வச்சிருந்தேன், கூசாமச் சொல்றேன். ஃபரீனா அன்னைக்குக் காலையில இருந்து என்னோட தேவைக்கு மட்டும்தான் பேசினா.

மத்தப் பிள்ளைங்களுக்கு நான் சொல்ற வார்த்தை பழக்க தோஷத்துல வாயில வந்திருச்சு. வாசிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுன்னேன்.  அவ பேனை மூடியப் பல்லுல கடிச்சுக் கழட்டிக்கிட்டே சிரிச்சா. "நீங்க அடிச்சதுதானேம்மா, நான் எதுக்குப் பாக்கணும்?"

பேனை தாள்ல படுறதுக்குள்ள நான் அதப் புடுங்கிட்டேன். அவ கையில கோடு விழுந்திருச்சு. அடிப் பக்கத்த எடுத்துக் கையில வச்சுக்கிட்டு, மத்தப் பிள்ளைங்களுக்கு வாசிக்கிற மாதிரியே சத்தமா வாசிச்சேன். "ஒண்ணு, விவசாயம், பேராதனை." நிறுத்தினேன். அவ சரி சொல்லல. ரீலோட் போட வந்த ரெண்டு பேரு நின்னுக்கிட்டு இருந்தாங்க. வாசல்ல ஹாஜியாரும் ரிஃப்காவும் வேற வந்து நிக்கிறாங்க. எனக்கு அப்ப யாரையும் பாக்கிற நெலமையில்ல. நான் மாத்திட்டேன் நிரோ, முந்தாநாள் நான்தான் மாத்தினேன், நீ போயிருவியேன்னு மாத்திட்டேன்னு சொன்னேன். கண்ணுல தண்ணி வந்திருச்சு.

அவளுக்கு வந்த கோவத்த நான் அதுக்கு முன்ன கண்டதில்ல. கத்தல. கதிரைய இழுத்து என் பக்கத்துல போட்டு உக்காந்து, ஸ்கிரீனக் காட்டி "மாத்துங்க"ன்னா. மாத்தினேன். வாசிங்கன்னா. "ஒண்ணு, விவசாயம், கிளிநொச்சி"ன்னு வாசிச்சேன். சரின்னா. ரெண்டு, மூணு, கடைசி வரைக்கும் வாசிச்சேன், ஒவ்வொண்ணுக்கும் சரி சொன்னா. புதுப் பிரிண்ட வாங்கி, ஒரு எழுத்து விடாம வாசிச்சு, கையெழுத்துப் போட்டா. கவர ஒட்டிக்கிட்டு எந்திரிக்கும்போதுதான் அவ கண்ணும் கலங்கியிருந்தத நான் பாத்தேன். "நீ போகாதன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே மாத்தியிருப்பேனோ என்னமோம்மா. நீங்க என்னையக் கேக்கவே இல்லையே."

நமக்கு ஆள்

அவ கவரோட தபால் கந்தோருக்குப் போனா. ஃபரீனா ஒரு கப் பிளேன்டீய என் முன்னால வச்சா. அத்தனை பேருக்கு முன்னால மானம் போச்சேன்னு எனக்கு அவமானமா இருந்திச்சு. முக்கியமா ஹாஜியாருக்கு முன்னால. நாலு நாளைக்கு முன்னால அந்த மனுசன உக்கார வச்சு எவ்வளவு பேசினேன்! இப்ப அவரு திருப்பி ஒரு வார்த்தை சொன்னா நான் வாயத் தொறக்க முடியாது. சொல்லட்டும், எனக்கு வேணும்தான்னு காத்துக்கிட்டு இருந்தேன்.

ஹாஜியார் உள்ள வந்தாரு. உக்காரல. ரிஃப்காவக் கதிரையில உக்காரச் சொல்லிட்டு, தான் அவளுக்குப் பின்னால நின்னுக்கிட்டாரு. ஒலுவிலத்தான் மேல ஏத்தச் சொல்லி மகளச் சம்மதிக்க வச்சுக் கூட்டிட்டு வந்திருக்காருன்னு அவ மூஞ்சியப் பாத்தே எனக்கு வெளங்கிச்சு. மூக்கெல்லாம் செவந்து போயிருந்திச்சு. நான் ஃபோர்மத் தொறந்து, கிளிநொச்சி மேல இருக்கிறத, மாத்துறதுக்கு ரெடியா, வாசிச்சேன். "ஒண்ணு, எஞ்சினியரிங், கிளிநொச்சி."

ரிஃப்கா வாப்பாவத் திரும்பிப் பாத்தா. ஹாஜியார் தபால் கந்தோர் ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தாரு. பொறகு ஃபோன எடுத்து, பேர் போடுற எடத்தத் தொறந்து, கண்ணாடிய மூக்கு மேல ஏத்திக்கிட்டு, என்கிட்ட நிரோஷாவோட நம்பரக் கேட்டாரு. எதுக்குன்னு எனக்கு வெளங்கல. குடுத்தேன். வெரலால ஒவ்வொரு எழுத்தா அமத்தி, "கிளிநொச்சி மகள்"னு பதிஞ்சு, மகள் தோள்ல தட்டினாரு. "சரி சொல்லுங்க மக. கிளிநொச்சிலதான் இப்ப நமக்கு ஆள் ஈக்கே!"

பாதுகாப்பு, காலநிலை, கூட்டாளிமார்னு இப்பவும் தாளத் திருப்பி மூணு கோடு போட்டுத்தான் பிள்ளைங்க கையில குடுக்கிறேன். பெத்தவங்களுக்குன்னு நாலாவதா ஒரு கோடும் போட்டுப் பாத்தேன், ஆனா அந்தக் கோட்ட நெரப்புறதுக்கு ஒரு ஏ ஃபோர் தாள் பத்த மாட்டேங்குது.